உலகம் முழுக்கச் செல்லும் பேட்டண்ட் என்று ஒன்று கிடையாது

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. அதில் ‘டபிள்யூ.ஓ.’ என்று தொடங்கும் எண். “வேர்ல்ட் பேட்டண்ட் சார். இலங்கையில ஒருத்தன் அப்படியே காப்பி அடிக்கிறான், நோட்டீஸ் விடணும்” என்றார் முதலாளி. களிமண் வயலில் புதையாமல் ஓட, நடவு இயந்திரத்துக்கு அவர் செய்த சக்கரம் உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து இலங்கையில் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படி என்னிடம் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் பொறுமையாக இன்னொரு தடவை சொல்கிறேன். அந்த எண் பேட்டண்ட் (காப்புரிமை) எண்ணே அல்ல. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட வழி செய்யும் பி.சி.டி. என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் போட்ட விண்ணப்பத்தை, ஜெனீவாவில் உள்ள ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ பிரசுரித்ததற்கான எண். வைப்போ யாருக்கும் பேட்டண்ட் தருவதில்லை. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து பெரும்பாலான நாடுகளில் 30 மாதத்துக்குள், இந்தியாவில் 31 மாதத்துக்குள், அந்தந்த நாட்டில் தனியாகத் தாக்கல் செய்து, கட்டணம் கட்டி, பரிசோதனையில் தேற வேண்டும். மேட்டூர் திறந்த அன்றே கடைமடை நனைந்துவிடாது, ஒவ்வொரு மதகையும் தனியாகத் திறக்க வேண்டும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இவருக்கு இலங்கையில் அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ‘உலக பேட்டண்ட்’ என்று சொல்லிப் பணம் வாங்கிய இடைத்தரகர் அதைச் சொல்லவே இல்லை.

இந்திய பேட்டண்ட் கிடைத்தாலும் அது இந்தியாவுக்குள் மட்டும்தான். இலங்கையில் செய்து அங்கேயே விற்பதைத் தடுக்காது. அதே சக்கரத்தை இங்கே இறக்குமதி செய்தால் தடுக்கலாம்.

எது பேட்டண்ட்டுக்குத் தகுதி என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். புது நடவு முறை கண்டுபிடித்தேன் என்று வருகிறார்கள். விவசாய முறைக்கு நம் பேட்டண்ட் சட்டத்தின் 3(எச்) பிரிவு இடம் தராது. கருவிக்குக் கிடைக்கும். புது நெல் ரகத்துக்கும் இங்கே பேட்டண்ட் இல்லை, 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதியலாம். அமெரிக்காவிலோ செடிக்கே பேட்டண்ட் தருகிறார்கள்.

என்னை ரொம்ப வருத்துவது யூடியூப் வீடியோ. விண்ணப்பம் போடும் முன்பே வயலில் ஓட்டிக் காட்டி ஏற்றிவிடுகிறார்கள். நீங்களே வெளியிட்டதாக இருந்தால் அமெரிக்கா ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அன்றோடு புதுமை போச்சு, பேட்டண்ட் கிடைக்காது. இந்தியாவிலும் அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில விலக்குகள்தான், அதில் யூடியூப் வராது.

தயவுசெய்து முதலில் தற்காலிக விவரக்குறிப்போடாவது (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) சென்னை பேட்டண்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பமோ பி.சி.டி.யோ போட்டு, அந்த முதல் தேதியையே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கோரவும் அதே 12 மாதம்தான். பதினோராவது மாதக் கடைசியில் ஓடி வராதீர்கள். இங்கே போடாமல் நேராக வெளிநாட்டில் போட வேண்டுமானால் 39-ஆம் பிரிவில் முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கே போட்டிருந்தால் ஆறு வாரம் பொறுத்தால் போதும்.

எல்லா நாட்டிலும் போட வேண்டியதில்லை. செலவு லட்சங்களில் போகும். எங்கே விற்கப் போகிறீர்கள், எங்கே காப்பி அடித்துச் செய்வார்கள் என்று இரண்டு மூன்று நாடுகளை எழுதிக்கொண்டு வாருங்கள், மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.