லாஸ்ட் காஸ்: தோத்தவங்க எழுதி ஜெயிச்ச கதை

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பத்தி இங்கிலீஷ்ல எது படிச்சாலும் 'லாஸ்ட் காஸ்'ங்கற வார்த்தை எப்படியும் தட்டுப்படும். ரெண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து போட்டு ஏதோ ஊர்ப்பேர் மாதிரி எழுதியிருப்பாங்க. டிக்‌ஷனரியைப் பாத்து 'இழந்த இலட்சியம்'னு தமிழ்ல போட்டா வேலை முடிஞ்சுதுன்னு தோணும். முடியல. அப்படிப் போட்டோம்னா, தோத்த கட்சிக்காரன் 1866ல என்ன நெனச்சு அந்தப் பேரை வெச்சானோ அதை நம்ம வாயாலயே ஒத்துக்கிட்டதா ஆயிடும்.

முதல்ல அர்த்தம். 1865ல தோத்துப்போன தென் மாநிலங்கள்ல இருந்த வெள்ளைக்காரங்க அந்தப் போரைப் பத்தி தங்களுக்குள்ள சொல்லிக்கிட்டு, அப்புறம் ஊருக்கே சொல்லிக் கொடுத்த கதைக்குத்தான் இந்தப் பேர். நாங்க சண்டை போட்டது அடிமை முறைக்காக இல்ல, மாநில உரிமைக்காக. அடிமைங்க எஜமான் வீட்ல நல்லாத்தான் இருந்தாங்க. எங்க ஜெனரல் ராபர்ட் லீ மாதிரி ஒரு உத்தமர் பொறக்கவே முடியாது. நாங்க தோத்தது வீரம் கொறஞ்சு இல்ல, வடக்கே ஆளும் ஃபேக்டரியும் ஜாஸ்தி. இந்தக் கடைசிப் பாயிண்ட்ல பாதி உண்மை இருக்கு, வடக்கே சுமார் 2.2 கோடி ஜனம், தெற்கே 90 லட்சம். ஆனா அந்த 90 லட்சத்துல ஏறக்குறைய 35 லட்சம் பேர் அடிமைங்க. இந்த நம்பரை மனசுல வெச்சுக்கங்க.

சொல்லோட வேர் என்னன்னா, இங்கிலீஷ் 'காஸ்' லத்தீன் 'காவுசா'ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. லத்தீன்ல அதுக்குக் காரணம்னும் அர்த்தம் உண்டு, கோர்ட் வழக்குன்னும் அர்த்தம் உண்டு (நாம சொல்ற 'கேஸ்' வேற வேர்ல இருந்து வந்தது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம்). அப்புறம் இங்கிலீஷ்ல ஒருத்தர் எதுக்காக நிக்கறாரோ அதுன்னு இன்னொரு அர்த்தமும் சேந்துக்கிச்சு, 'நல்ல காரியத்துக்காகப் போராடறார்'னு சொல்றோமே, அந்தக் காரியம். தோத்துப்போன காரியத்து மேல ஒரு கவிதைத்தனமான பாசம் அந்தக் காலத்துல இங்கிலீஷ் பேசற உலகத்துல பரவலாவே இருந்துச்சு. இங்கிலீஷ் கவிஞர் மேத்யூ அர்னால்ட் 1865ல ஆக்ஸ்போர்டைப் பத்தி எழுதும்போது 'தோத்த காரியங்களோட வீடு'ன்னுதான் கொஞ்சறார். தெற்கத்திக்காரங்க வால்டர் ஸ்காட்டோட வீரசாகச நாவல்களை விழுந்து விழுந்து படிச்சவங்க, மார்க் ட்வெய்ன் 1883ல அந்தப் போருக்கே ஸ்காட் ஒரு பெரிய காரணம்னு பாதி கிண்டலா பாதி கோவமா எழுதி வெச்சார்.

அந்தப் பேரை இந்தப் போருக்கு ஒட்ட வெச்சவர் எட்வர்ட் போலார்ட். தெற்கோட தலைநகரம் ரிச்மண்ட்ல 'எக்ஸாமினர்' பேப்பர்ல ஆசிரியரா இருந்தவர், போர் நடக்கும்போதே சொந்த ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸை வறுத்தெடுத்தவர். போர் முடிஞ்ச மறு வருஷமே, 1866ல, எழுநூறு பக்கத்துக்கு மேல ஒரு புஸ்தகம் போட்டார், தலைப்பே 'தி லாஸ்ட் காஸ்'. துப்பாக்கிச் சண்டை முடிஞ்சிருச்சு, இனிமே தெற்குக்கு மிச்சம் இருக்கறது கருத்துச் சண்டைதான்ங்கறது அதுல அவர் வாதம். அதோட நிக்கல. 1868ல 'தி லாஸ்ட் காஸ் ரீகெய்ண்ட்'னு இன்னொண்ணு எழுதறார், அதாவது தோத்ததைத் திருப்பி மீட்டாச்சுன்னு அர்த்தம். அடிமை முறை போனா போகட்டும், வெள்ளைக்காரன் மேல இருக்கணும்ங்கறதுதான் நிஜமான காரியம், அதை இன்னும் ஜெயிக்கலாம்னு அதுல பட்டவர்த்தனமா சொல்லிட்டார். பேர் வெச்ச ஆளே இப்படி ஒடச்சுச் சொன்னதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல ஜனங்க 'ஐயோ பாவம் தோத்துப்போன இலட்சியம்'னு உருகிக்கிட்டு இருந்தாங்கங்கறதுதான் இதுல வேடிக்கை.

கதையோட முதல் வரி புஸ்தகத்துக்கும் முன்னாடியே வந்திருச்சுன்னு சொல்லணும். 1865 ஏப்ரல் 9ல லீ அப்போமேட்டக்ஸ்ல சரணடையறார், மறுநாள் தன் படைக்கு விடை சொல்லி ஒரு ஆணை விடறார், உதவியாளர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தது. நாலு வருஷம் இணையில்லாத துணிச்சலோட போராடின படை, அளவுமீறின ஆள்பலத்துக்கும் வசதிக்கும் முன்னாடி பணிய வேண்டியதாப் போச்சுன்னு அதுல இருக்கு. தோத்த படைக்கு ஒரு தளபதி சொல்ற ஆறுதல் அது, அந்த நேரத்துல தப்பே சொல்ல முடியாது. ஆனா பின்னாடி வந்தவங்க அதையே வரலாறுன்னு எடுத்துக்கிட்டாங்க.

அதுல முக்கியமான ஆள் ஜுபல் ஏர்லி. லீக்குக் கீழ ஜெனரலா இருந்தவர், தோத்த பிறகு மெக்சிகோ, கனடான்னு ஓடிப்போயிட்டு 1869ல திரும்பி வந்தார். அதே வருஷம் நியூ ஆர்லியன்ஸ்ல தென் வரலாற்றுச் சங்கம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அது ரிச்மண்டுக்கு மாறி ஏர்லி தலைவரானார், 1876ல இருந்து சங்கத்தோட ஏடுகள் வரிசையா அச்சுல வர ஆரம்பிச்சுது. இவங்களுக்கு ஒரு சிக்கல் இருந்துச்சு, லீ தப்பே பண்ணாதவர்னா 1863 ஜூலைல கெட்டிஸ்பர்க்ல தோத்தது யாரால? ஆள் கிடைச்சார், ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். லீயோட வலது கை, கெட்டிஸ்பர்க்ல மூணாம் நாள் நேரடியா ஏறி அடிக்க வேணாம்னு சொன்னவர். போருக்கப்புறம் அவர் பண்ணின பாவம் என்னன்னா, லிங்கனோட குடியரசுக் கட்சியில சேந்து, தன்னைத் தோக்கடிச்ச வடக்குத் தளபதி கிராண்ட்டுக்கே ஆதரவு குடுத்தார். 1874ல நியூ ஆர்லியன்ஸ் தெருவுல கறுப்பர்களும் இருந்த மாநிலப் படையைக் கூட்டிக்கிட்டுப் போய் வெள்ளை வெறிக் கும்பலை எதிர்த்து நின்னார். கெட்டிஸ்பர்க் பழியை 1872லயே ஏர்லி ஒரு மேடையில அவர் தலையில கட்டிட்டார், அதுக்கப்புறம் அது எறங்கவே இல்ல. தோத்தவன் வரலாறு எழுதினா உண்மை வெளிவரும்னு ஒரு நம்பிக்கை நம்ம எல்லாருக்கும் உண்டு இல்லையா, இங்க தோத்தவன் தன் பக்கத்து ஆளையே எப்படி எழுதி ஓரங்கட்டினான்னு பாருங்க.

இன்னொரு ஆள் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், தெற்கோட துணை ஜனாதிபதி. 1861 மார்ச்ல சவானால பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லங்கற 'பேருண்மை'தான் எங்க புது அரசோட மூலைக்கல்னு மேடையில முழங்கினவர். தோத்த பிறகு, எழுதி எடுத்த ரிப்போர்ட்டர் சரியா எழுதலன்னு ஒரு சமாதானம், அப்புறம் 1868ல ஆரம்பிச்சு ரெண்டு வால்யூம்ல மாநில உரிமை, அரசியல் சட்டம்னு விளக்கம். மாநில உரிமைன்னா சரி, எதுக்கான உரிமை? மிசிசிப்பி பிரிஞ்சு போகும்போது போட்ட அறிக்கையிலயே எங்க நிலைப்பாடு அடிமை முறையோட முழுக்கப் பிணைஞ்சதுன்னு எழுதி வெச்சிருக்கு. தப்பி ஓடின அடிமையைப் பிடிச்சுக் குடுக்க மாட்டோம்னு வடக்கத்தி மாநிலங்கள் தங்களோட உரிமையைக் காட்டினப்போ அதை எதிர்த்துக் கத்தினதும் இவங்கதான், அப்ப மட்டும் மாநில உரிமை எங்க போச்சுன்னு தெரியல.

இதெல்லாம் பெரியவங்க புஸ்தகம், குழந்தைங்க வரைக்கும் கொண்டுபோனது பொம்பளைங்க சங்கம். 1894ல நாஷ்வில்ல ஆரம்பிச்ச 'கூட்டமைப்பின் மகள்கள்' (கூட்டமைப்புன்னா பிரிஞ்சு போன தென் மாநிலங்கள் சேந்து வெச்ச அரசு, இங்கிலீஷ்ல கான்ஃபெடரசி). கல்லறை பராமரிப்பு, சிலை வெக்கறதுன்னு இருந்து பாடப்புத்தகத்துக்கு வந்தாங்க. அவங்களோட வரலாற்று அலுவலரா இருந்த மில்ட்ரட் ரூதர்ஃபோர்ட் பாடப்புத்தகத்தை அளக்க ஒரு கையேடே தயார் பண்ணினார், தெற்கு தன் அடிமைங்களை விடாம வெச்சுக்கத்தான் சண்டை போட்டுச்சுன்னு எழுதினா அந்தப் புத்தகம் வேணாம், அடிமை வெச்சிருந்தவங்க கொடுமைக்காரங்கன்னு எழுதினாலும் வேணாம். லைப்ரரியில ஏற்கனவே இருக்கற அந்த மாதிரி புத்தகத்துல 'தெற்குக்கு நியாயமற்றது'ன்னு எழுதி வெக்கச் சொன்னாங்க. சிலைகள்ல பெரும்பாலானது போர் முடிஞ்ச கையோட வந்ததில்ல, ஒரு தலைமுறை கழிச்சு, கறுப்பர்களோட ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கிட்டு இருந்த காலத்துல வந்தது. ரிச்மண்ட்ல லீ சிலை 1890ல ஏறுச்சு, 2021 செப்டம்பர்லதான் எறங்குச்சு.

அப்போ எதிர்ப்பே இல்லையான்னா இருந்துச்சு. அடிமையாப் பொறந்து தப்பிச்சு வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1878ல நியூயார்க்ல பேசும்போது, அந்தப் போர்ல ஒரு சரியான பக்கமும் ஒரு தப்பான பக்கமும் இருந்துச்சு, எந்த உணர்ச்சிவசமும் அதை மறக்க வெச்சிடக் கூடாதுன்னார். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் இந்தக் கதையை மறுத்து 1935ல பெரிய புஸ்தகமே போட்டார். ஆனா வடக்கத்தி வெள்ளைக்காரங்களுக்கும் சமாதானமாப் போறது வசதியா இருந்துச்சு, கொலம்பியா யுனிவர்சிட்டி பேராசிரியர்களே தெற்கோட பல்லவியைத்தான் பாடினாங்க.

பேர்லயும் இந்தச் சண்டை உண்டு. அரசாங்கம் போட்ட ஆவணத் தொகுப்புக்குப் பேர் 'கிளர்ச்சிப் போர்', தெற்கத்திக்காரங்க 'மாநிலங்களுக்கு இடையிலான போர்'னாங்க. வடக்கு ஆத்துப் பேரை வெச்சு புல் ரன், ஆன்டீட்டம்னா, தெற்கு ஊர்ப்பேரை வெச்சு மனாசஸ், ஷார்ப்ஸ்பர்க்னு சொல்லும். இன்னிக்கு அரசாங்கப் போர்க்களப் பூங்காக்கள்ல முதலாவதுக்கு மனாசஸ்னும் ரெண்டாவதுக்கு ஆன்டீட்டம்னும் பேர், ஆளுக்கொண்ணு.

இப்ப தமிழ். 'இழந்த இலட்சியம்' ஏன் வேணாம்னா, இலட்சியம்னு சொன்னதுமே அது ஏதோ உயர்ந்ததுன்னு ஆயிடுது, இழந்ததுன்னு சொல்றதும் பொய், 1877க்கு அப்புறம் வெள்ளையர் ஆதிக்கம் திரும்ப வந்து 1965 ஓட்டுரிமைச் சட்டம் வரைக்கும் ஜம்முனு நடந்துச்சு. அதோட யார் தோத்தாங்கன்னும் கேக்கணும். முன்னாடி சொன்ன 35 லட்சம் பேரும் தெற்கத்திக்காரங்கதான், அவங்க தோக்கல. 1865 ஜூன் 19ல டெக்சாஸ் கால்வெஸ்டன்ல விடுதலை ஆணை படிச்ச நாளை அவங்க வாரிசுங்க இன்னிக்கும் கொண்டாடறாங்க.

பரணின்னு வெக்கலாமேன்னு சிலர் கேக்கலாம், தோத்த நாட்டுப் பேர்லதானே பரணி பாடறது, கலிங்கத்துப் பரணி மாதிரி. பேர் மட்டும்தான் தோத்தவனோடது, பாடினது குலோத்துங்கன் பக்கம் நின்ன ஜெயங்கொண்டார். கையறுநிலையும் ஒத்து வராது. புறநானூறு 112ல பாரி மகளிர் 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்'னு பாடறது சுத்தமான தோத்த பக்கத்துக் குரல், ஆனா அதுல வாதமே கிடையாது, அப்பாவும் இல்ல மலையும் இல்ல, அவ்வளவுதான். லாஸ்ட் காஸ் துக்கத்தோட நிக்கல, அது கேஸ் நடத்துது. அதனால என் ஓட்டு 'தோற்றோர் வக்காலத்து'. லத்தீன் வேர்ல இருக்கற வழக்குங்கற பொருளும் இதுல வந்துடுது. வக்காலத்து அரபுல இருந்து வந்த சொல்லாச்சேன்னு தனித்தமிழ்க்காரங்க முகம் சுளிச்சா 'தோற்றோர் புனைவு'ன்னு வெச்சுக்கலாம், கட்டுரைக்கு அது இன்னும் பொருத்தமாவே இருக்கும்.

சாதாரணப் பேச்சுல 'ஹீ இஸ் எ லாஸ்ட் காஸ்'னு வந்தா இது எதுவும் வேணாம், 'அது தேறாத கேஸ்'னு போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். கான்ஃபெடரசிக்கு வெறும் 'கூட்டமைப்பு'ன்னு போட்டா நம்ம ஆளுங்களுக்கு இலங்கைக் கட்சி ஞாபகம் வந்துடும், முதல் தடவை 'பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பு'ன்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கங்க.