வாக்கிங் சிமுலேட்டர்னா என்ன, அத தமிழ்ல எப்படி சொல்றது?

வாக்கிங் சிமுலேட்டர்ங்கிறது ஒரு வகை வீடியோ கேமோட பேரு. அப்படியே சொல்லுக்கு சொல் தமிழ்ல போட்டா "நடைபாவனையாக்கி"ன்னு வரும். நடை உடை பாவனைன்னு சொல்வோம்ல, அதுல உடைய மட்டும் உருவிட்ட மாதிரி இருக்கு, எழுதி பாத்ததும் எனக்கே சிரிப்பு வந்திருச்சு.

எதுக்கு இந்த ஆராய்ச்சின்னா, போன மாசம் அக்கா மகன் பட்டர்வொர்த்லேர்ந்து ஃபெரி ஏறி பினாங்குல எங்க வீட்டுக்கு வந்திருந்தான், ஃபார்ம் ஃபைவ், அதாவது மலேசிய செகண்டரி ஸ்கூல்ல அஞ்சாவது வருசம் படிக்கிறான். நான் அப்ப பிசில ஃபயர்வாட்ச் விளையாடிக்கிட்டு இருந்தேன். 2016ல வந்த கேம், 1989ல அமெரிக்காவுல வயோமிங் காட்டுல காட்டுத்தீ வருதான்னு பாக்குற காவல் வேலைக்கு ஒருத்தன் போறான், அவன்தான் நாம. பையன் பின்னால நின்னு ஒரு கால் மணி நேரம் பாத்துட்டு "மாமா, எப்ப சுடுவீங்க?"ன்னான். துப்பாக்கியே இல்லடா. "அப்ப என்ன செய்றீங்க?" நடக்குறேன். "எங்க?" காட்டுக்குள்ள. "சும்மா ஜாலான் ஜாலான்தானா?"

அவன் நக்கலா கேட்டான், ஆனா இதவிட நல்ல விளக்கம் நான் எங்கயும் படிச்சதில்ல. மலாய்ல ஜாலான்னா ரோடு, நடக்குறதும் அதே சொல்லுதான், ரெண்டு தடவ சொல்லிட்டா எங்க போறோம்னு கணக்கில்லாம சும்மா சுத்துறது. இந்த வகை கேம் அதுதான். ஆளோட கண்ணு வழியா ஒரு இடத்த பாக்குறோம், கதவ திறக்குறோம், லெட்டர் எடுத்து படிக்கிறோம், சண்டை கிடையாது, பாயிண்ட் கிடையாது, பெரும்பாலும் சாகவும் முடியாது. இடத்த சுத்தி முடிச்சா கதை முடிஞ்சிரும்.

பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா அது ஒரு வசவு. சிமுலேட்டர்ங்கிற சொல்லு லத்தீன்ல "போல செய்யிறது"ங்கிற வினையிலேர்ந்து வந்தது, விமானம் ஓட்டுற மாதிரி நெசத்துல பழகினா ஆபத்தா இருக்குற வேலைக்குத்தான் முதல்ல அந்த பேர வச்சாங்க. அப்புறம் லாரி ஓட்டுறதுக்கு, பண்ண வேலைக்குன்னு எல்லாத்துக்கும் ஒரு சிமுலேட்டர் கேம் வந்துச்சு. 2012ல டியர் எஸ்தர்னு ஒரு கேம் காசுக்கு விக்க வந்தப்போ, ஸ்காட்லாந்து பக்கம் ஒரு வெறும் தீவுல நடந்துக்கிட்டே ஒருத்தன் பேசுறத கேக்குறது மட்டும்தான் வேலைன்னதும், கடுப்பானவங்க "இது என்ன, நடக்குறதுக்கும் ஒரு சிமுலேட்டரா?"ன்னு ஆரம்பிச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா அந்த கேம் முதல்ல 2008ல, இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் யுனிவர்சிட்டில டான் பிஞ்ச்பெக் செஞ்ச ஆராய்ச்சிக்காக, ஹாஃப் லைஃப் 2ங்கிற சுடுற கேம் மேல கட்டின மோட் (இருக்குற கேம மாத்திக் கட்டுறது). அதாவது சுடுற கேம்லேர்ந்து சுடுறத எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு பாத்திருக்காங்க. நடைதான் மிஞ்சுச்சு.

2013ல கான் ஹோம்னு இன்னொரு கேம் வந்தப்ப வசவு இன்னும் ஜாஸ்தியாச்சு, 2014ல ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல ஆடுறவங்களே கேமுக்கு டேக் (வகைப் பேரு) ஒட்டலாம்னு விட்டதும் மொத வேலையா இந்த டேக்க கொண்டு போய் ஒட்டினாங்க. இப்ப பாருங்க, அதே டேக்க வச்சுத்தான் என்ன மாதிரி ஆளுங்க தேடி தேடி வாங்குறோம். 2018ல பிரிட்டன்ல பாஃப்டாங்கிற அமைப்பு சிறந்த கேம் விருது கொடுத்தது வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்சுக்கு, அதுவும் இந்த குடும்பத்து பிள்ளதான். பட்டப்பேரு வச்சு கூப்பிட்டு கூப்பிட்டு அதுவே ஐசில, அதாவது அடையாள அட்டைல ஏறின கதை.

இப்ப தமிழுக்கு வருவோம். இந்த மாதிரி கேமுக்கு பொதுவா "முதல் நபர் சாகச விளையாட்டு"ன்னு எழுதுறாங்க. இதுல ரெண்டு பகுதி எனக்கு ஒத்து வரல.

முதல் நபர்னா எனக்கு கிளினிக்ல நம்பர் ஒண்ணு எடுத்தவர் ஞாபகம்தான் வருது. நமக்குத்தான் தமிழ்ப்பள்ளிலயே சொல்லிக் கொடுத்துட்டாங்களே, தன்மை, முன்னிலை, படர்க்கை. ஃபர்ஸ்ட் பர்சன்னா தன்மை. தன்மைப் பார்வைன்னு சொன்னா முடிஞ்சிச்சு. ஆள் முதுக பாத்துக்கிட்டே ஓட்டுற கேம் படர்க்கைப் பார்வை. இன்னொண்ணு தெரியுமா, இந்த வகைக்கெல்லாம் கொள்ளுத்தாத்தான்னு சொல்ற கொலோசல் கேவ் அட்வென்ச்சர் முன்னிலைல எழுதினது! 1976ல வில் குரோதர்ங்கிறவர் செஞ்சது, அவரு குகைக்குள்ள இறங்கி மேப் போடுற ஆளு, கென்டக்கில இருக்குற மாமத் குகைய அப்படியே எழுத்துல வச்சாரு, அடுத்த வருசம் டான் உட்ஸ் அத பெருசாக்கினாரு. படமே கிடையாது, நீ இங்க நிக்கிற, உனக்கு முன்னால இது இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லும், நாம ரெண்டு வார்த்தைல பதில் அடிக்கணும். 1993ல மில்லர் அண்ணன் தம்பி செஞ்ச மிஸ்ட் வந்தப்ப "நீ" போய் "நான்" ஆயிருச்சு. சுமார் 2,500 படம், ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி நகரணும், ஒரு மனுசன் இல்லாத தீவு, அது 60 லட்சத்துக்கு மேல வித்துச்சு, 2002ல தி சிம்ஸ் முந்துற வரைக்கும் பிசில அதுதான் நம்பர் ஒண்ணு.

அடுத்து சாகசம். அட்வென்ச்சர்ங்கிறது லத்தீன்ல "வந்து சேர்றது"ங்கிற வினையிலேர்ந்து வந்தது, நமக்கு வரப்போறது எதுவோ அதுதான் அட்வென்ச்சர். (குரோதரோட கேம் ஃபைலுக்கு ஆறு எழுத்துக்கு மேல பேரு வைக்க முடியாதுன்னு "அட்வென்ட்"னு வெட்டி வச்சிருந்தாங்க, அறியாமலே மூலச் சொல்லுக்கே போயிட்டாங்க.) நம்ம சாகசம் வடமொழி சாஹஸம், அதுக்கு வேர் வலிமை, முரட்டுத்தனம், பழைய நீதி நூல்கள்ல அடாவடியா செய்யிற குத்தத்துக்கே அந்த சொல்லுதான். தமிழுக்கு வந்து துணிச்சல் ஆச்சு, கூடவே பாசாங்குங்கிற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு, சாகசக்காரின்னு பெரியவங்க ஏசுறது அதுல இருந்துதான். மலைலேர்ந்து குதிக்கிற ஆளுக்கு சாகசம் சரி. அடுத்தவன் வீட்டு டிராயர திறந்து பழைய பில்ல படிக்கிறவனுக்கு என்ன சாகசம்?

அதுக்கு துருவுறதுன்னு ஒரு சொல்லு இருக்கு. துருவித் துருவி கேக்குறான், துருவித் துருவி பாக்குறான்னு சொல்றோம். இந்த எக்ஸ்ப்ளோரேஷனுக்கு ஆய்வு, கண்டாய்வுன்னெல்லாம் போட்டா லேப் கோட் போடணும் போல இருக்கு. துருவல்னா தேங்கா ஞாபகம் வரும்தான், வரட்டும், பொருத்தமாத்தான் இருக்கு. வெள்ளையா இருக்குற வரைக்கும் துருவினா சுகம். கடைசி சில்ல விடமாட்டேன்னு இழுத்தா ஓடு கலந்து கருப்பா வரும், விரலும் கிழியும். இந்த கேமும் அப்படித்தான். பாதி நேரம் வாசம் பிடிச்சு போற சுகம், மீதி நேரம் எதையோ விட்டுட்டோம்னு பாத்த ரூமையே பத்து தடவ பாக்குற எரிச்சல்.

என் விரல் கிழிஞ்சது மிஸ்ட்ல. ஃபார்ம் டூ படிக்கிறப்ப ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல வாங்கின பைரேட் சிடி, கூட புக்கு எதுவும் வராது. செலினிட்டிக்னு ஒரு உலகம், அதுல பூமிக்கு அடியில ரயில் பாதை, எந்த பக்கம் திரும்பணும்னு ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துக்கு என்ன திசைன்னு இன்னொரு உலகத்துல காது கொடுத்து கேட்டு வச்சிருக்கணும். அந்த பாதை வரைக்கும் வந்த நேரம் பாத்து எங்க வீட்டு பிசில ஸ்பீக்கர் செத்துருச்சு. அங்கயும் சத்தத்துலதான் துப்பு இருக்குன்னே தெரியாம நான் பாட்டுக்கு இருட்டுல போறதும் வர்றதுமா ஒரு ஸ்கூல் ஹாலிடே பூரா ஓடிச்சு. கடைசில சிசிக்கு, அதாவது சைபர் கஃபேக்கு போய் மணிக்கு காசு கொடுத்து வாக்த்ரூ (கேம எப்படி முடிக்கிறதுன்னு படிப்படியா சொல்ற குறிப்பு) தேடி எக்சர்சைஸ் புக்ல எழுதிட்டு வந்தேன். (வாக்த்ரூவுக்கு வழிகாட்டின்னு சொல்றத விட வழித்துணைன்னு சொல்லலாம்னு தோணுது, அன்னைக்கு எனக்கு துணையாத்தான் இருந்துச்சு.) ஆனா பாத்து முடிச்சதும் ஒரு வெறுமை, அத யாரும் முன்னாடி சொல்லல.

மத்த எரிச்சலும் உண்டு. தன்மைப் பார்வைல குனிஞ்சு பாத்தா பல கேம்ல நமக்கு காலே இருக்காது, பேய் மாதிரி மிதக்குறோம், கூடவே நடக்குறப்ப கேமரா ஆடினா என் வீட்டுக்காரிக்கு அஞ்சு நிமிசத்துல தலை சுத்தும், ஹெட் பாப்னு ஒரு செட்டிங் இருக்கும், அத ஆஃப் பண்ணிட்டு ஃபீல்ட் ஆஃப் வியூவ, அதாவது கண்ணுக்கு தெரியிற அகலத்த, கொஞ்சம் கூட்டி வச்சா தேவலாம். முட்டி உயரத்துக்கு ஒரு வேலி இருக்கும், அத தாண்ட முடியாது. விலை இன்னொரு சண்டை. ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா விளையாடியிருந்தா காச திருப்பி கேக்கலாம், இந்த கேம் பலதும் ரெண்டு மணி நேரத்துலயே முடியிற சைஸ், முழுசா அனுபவிச்சுட்டு காசயும் திருப்பி வாங்குறவங்க இருக்காங்க. ரொட்டி சானாய தின்னு முடிச்சுட்டு தட்ட நீட்டுற மாதிரி.

ஆனா எல்லாரும் ஏசுற அந்த மெதுவான வேகம் இருக்கே, டியர் எஸ்தர்ல ஓடுற பட்டனே கிடையாது, அத நான் குறையா எடுத்துக்கல. இங்கதான் நடைங்கிற சொல்ல பாக்கணும். நடைன்னா கால் நடை. எழுத்தோட நடையும் நடைதான், உரைநடை. வீட்டுக்குள்ள நீளமா போற வழியும் நடை, பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல நடை சாத்தியாச்சுன்னா வாசல். நாலும் ஒரே சொல்லு. எழுதினவன் எந்த வேகத்துல நம்மள கூட்டிட்டு போகணும்னு நினைக்கிறானோ அதுதான அவன் நடை, ஓடுற பட்டன் கொடுத்தா பாதி வாக்கியத்த தாண்டித்தான் போவோம். இத இங்கிலீஷ்ல விளக்கணும்னா ஒரு பக்கம் எழுதணும்.

அப்ப முழுப் பேரு என்ன? உலான்னு ஒருத்தர் சொன்னாரு, அழகாத்தான் இருக்கு, ஆனா உலா இலக்கியத்துல ராசா தெருவுல வருவாரு, பேதைலேர்ந்து பேரிளம்பெண் வரைக்கும் எல்லாரும் அவர பாப்பாங்க. இங்க நம்மள பாக்க ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு பிடிச்சது நடமாட்டம். நடம் கூட ஆட்டம், பேருக்குள்ளயே ஆட்டம் உக்காந்திருக்கு. "ஆள் நடமாட்டம் இல்லாத இடம்"னு சொல்றப்ப வர்ற அந்த லேசான பயமும் கூடவே வருது. அதோட நம்ம மலேசியாக்காரனுக்கு அந்த சொல்லு மேல ஒரு தனி கணக்கு இருக்கு, கோவிட் சமயத்துல 2020 மார்ச் 18லேர்ந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைன்னு ரேடியோல கேட்டுக் கேட்டு காது புளிச்சுச்சே. வீட்டுக்கு ஒருத்தர் சாமான் வாங்க போகலாம், பத்து கிலோமீட்டருக்குள்ள. அந்த முட்டி உயர வேலி நெசத்துலயே வந்துருச்சு. அப்பதான் நான் இந்த வகை கேம்ல திரும்ப விழுந்தேன், கதவுக்கு வெளிய போக முடியாத ஆளு ராத்திரி பூரா காடு, தீவுன்னு நடந்துக்கிட்டு இருந்தேன். அதனால எழுத்துல எழுதணும்னா நடமாட்ட விளையாட்டு, தன்மைப் பார்வை, துருவல். போதும்.

பேச்சுக்கு இது ஒத்து வராது. ஃபெரில பையன கொண்டு போய் விடுறதுக்கு முன்னாடி பாடாங் கோத்தா பக்கம் கடல் ஓரமா அவன்கூட சும்மா நடந்தோம். நாம காத்து வாங்க போறோம்னு சொல்வோம், மலாய்க்காரங்க மாக்கான் ஆங்கின், அதாவது காத்த சாப்பிடுறதுன்னு சொல்வாங்க, அவங்க திங்கிறத நாம வாங்குறோம், காரியம் ஒண்ணுதான். அப்பதான் தோணுச்சு, டேய் அந்த கேமுக்கு பேரு காத்துவாங்கின்னு வைக்கலாம்டான்னேன். ஆளே இல்லாத ஊரு, அது கூட சும்மா வைக்கல, கான் ஹோம் மாதிரி கேம்லாம் நாலஞ்சு பேரு சேந்து செஞ்சது, மனுசன வரைஞ்சு அசைய வைக்க காசு பத்தாது, அதான் எல்லாரும் வீட்ட விட்டு போயிட்ட மாதிரி கதை வச்சு லெட்டரையும் கேசட்டையும் போட்டு வச்சிருக்காங்க, நாம அங்க போய் காத்து வாங்கிட்டு வர்றோம்னு விளக்கினேன்.

அவன் ஐஸ் கச்சாங்க கிண்டிக்கிட்டே கேட்டான், "தியேட்டர் காத்து வாங்குதுன்னு அம்மா சொல்வாங்களே, அதுவா?"

அதுவும்தான்னேன்.