ஒப்புநோக்கு

'இரு பாடல்களையும் ஒப்பிட்டு வேறுபடுத்துக' என்னும் வினாவை விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் காண்கிறேன். ஆங்கிலத்தில் 'கம்பேர் அண்ட் கான்ட்ராஸ்ட்' என இணைத்துச் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த தொடர் இது.

'ஒ' என்னும் அடியிலிருந்து பிறந்தது ஒப்பு. ஒத்தல், ஒப்புமை, ஒவ்வாமை ஆகியன அதன் கிளைகள். இரண்டை அருகருகே வைத்து அளப்பது ஒப்பிடுதல். அளக்கும்போது ஒத்ததும் தெரியும், ஒவ்வாததும் தெரியும். வேறுபாட்டைக் காண இன்னொரு வினைச்சொல் எதற்கு?

வேறுபடுதல் தன்வினை, வேறுபடுத்துதல் பிறவினை. பாடல்களைப் புலவர்களே வேறுபடப் பாடிவிட்டார்கள். அதைக் கண்டு சொல்வதே மாணவரின் வேலை. 'வேறுபடுத்திக் காட்டுக' என்றிருந்தாலாவது ஓரளவு பொருந்தும். இதைவிடப் பெரிய குறை, இரண்டு வினைகளைக் கண்ட மாணவர் தாளின் நடுவே கோடு கிழித்து, ஒற்றுமைகளை ஒரு பக்கமும் வேற்றுமைகளை மறுபக்கமும் எழுதி முடித்துவிடுகிறார் என்பது. இவை தனித்தனியே கிடப்பவை அல்ல. ஒப்புடைய இரு பொருள்களிடையே வேற்றுமை தோன்றச் சொல்வதே வேற்றுமையணி என்கிறது தண்டியலங்காரம். தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்னும் குறளில், தீயும் நாவும் சுடும் என்ற ஒப்புமையை எடுத்துவிட்டால் வேற்றுமைக்கு உயிரில்லை.

குறுந்தொகையின் 3ஆம் பாடலையும் 40ஆம் பாடலையும் கொடுத்தால், 'முன்னதில் பேசுபவள் தலைவி, பின்னதில் தலைவன். முன்னதில் கடல், பின்னதில் மழை' என்று பட்டியல் வருகிறது. எதுவும் பிழையில்லை, ஆயினும் பாடலுக்குள் யாரும் நுழையவில்லை. இரண்டிலும் நிலம் இருக்கிறது. தலைவிக்கு அது அன்பின் பெருமையைச் சொல்லும் அளவுகோல். அன்பு அதனினும் பெரியது. தலைவனுக்கோ அது பெய்த நீரைத் தன் நிறமாக்கிக்கொள்ளும் செம்மண். அன்பு பிரிக்க முடியாத கலப்பு. ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு இரு பாடல்களுக்குள்ளும் சென்றால்தான் இது புலப்படும்.

இச்செயலுக்கு உரிய சொல் ஒப்புநோக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் 'நோக்கு' என்பதைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைக்கிறது. கேட்டவரை மீண்டும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்யும் தன்மை என்று அதற்கு உரை கூறுவர். 'ஒப்பீடு செய்க' என்னும் அலுவலகத் தொடரிலோ 'ஆழமான ஒப்பீடு' என்னும் புதுப் பெயர்ப்பிலோ இந்தத் திரும்பிப் பார்த்தல் இல்லை. மூலப்படியையும், பிழை திருத்துவதற்காக அச்சிட்டெடுத்த மெய்ப்பையும் வரிக்கு வரி சரிபார்ப்பதை அச்சுத்துறையினர் ஒப்புநோக்குதல் என்பதால் சிலர் தயங்கக்கூடும். இரண்டையும் மாறிமாறிப் பார்க்கும் அந்தப் பொறுமையே மாணவருக்கும் வேண்டும் என்பதால், அந்த வழக்கு இச்சொல்லுக்கு வலுவே சேர்க்கிறது. 'இரு பாடல்களிலும் நிலம் பெறும் பொருளை ஒப்புநோக்கி எழுதுக' என்று கேட்டால், கோடு கிழித்துப் பட்டியலிட இடமிராது. மாணவர் பாடலுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.