முக்கிளை நரம்பு

கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்முன் மரப்பு ஊசி போட்டால் பல் மட்டும் மரப்பதில்லை. கீழுதட்டில் பாதியும், பெரும்பாலும் நாக்கின் அந்தப் பக்கமும் சேர்ந்தே தடித்துப்போனதுபோல் ஆகிவிடும். மூன்றுக்கும் தாய் நரம்பு ஒன்றே. மருத்துவர்கள் அதை டிரைஜெமினல் என்பார்கள். மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 இணை நரம்புகளில் இது 5ஆவது.

லத்தீனில் 'டிரை' என்றால் மூன்று, 'ஜெமினஸ்' என்றால் இரட்டைப் பிள்ளை. (மிதுன ராசியை ஜெமினி என்பதும் இந்தச் சொல்லால்தான்.) ஆக, ஒரே பேற்றில் பிறந்த மூவர். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் உடற்கூற்றியல் கற்பித்த வின்ஸ்லோ சூட்டிய பெயர் இது.

தமிழில் முப்பெருநரம்பு என்றும் முக்கிளை நரம்பு என்றும் எழுதுகிறோம். முன்னதைக் கேட்டால் மூன்று பெரிய நரம்புகள் என்று தோன்றிவிடும். இருப்பது ஒன்று, கண், மேல்தாடை, கீழ்த்தாடை எனக் கிளைகள்தாம் மூன்று. அதனால் எனக்கு முக்கிளையே சரியாகப் படுகிறது. வாய்க்கு வருபவை பின்னிரண்டு கிளைகள்.

பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் நரம்பே கிடையாது. ஆனாலும் வாயில் ஒரு மண் துகள் அகப்பட்டால் கடித்த நொடியே தெரிகிறது. பல்லை எலும்போடு பிணைக்கும் நாரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வேலை அது. பல்லின் உள்ளே கூழ் எனப்படும் மென்மையான திசுவில் இருக்கும் முனைகளோ எதையும் பெரும்பாலும் வலியாகவே சொல்லத் தெரிந்தவை. குளிர்ந்த நீர் பட்டதும் வரும் பல் கூச்சம் அங்கிருந்து வருவதே.

அறுசுவையில் கார்ப்பையும் சேர்த்து எண்ணுகிறோம். உடலின் கணக்கில் அது சுவையே இல்லை. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் முக்கிளை நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த முனைகளில் கேப்சைசினையும் சூட்டையும் உணரும் உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. 'நாக்கு எரிகிறது' என்று நாம் சொல்வதில் உவமை ஏதும் இல்லை.

உண்மையான சுவை வேறு வழியில் போகிறது. நாக்கின் பின் மூன்றிலொரு பங்கில் சுவை, தொடுகை இரண்டையும் 9ஆவது நரம்பே பார்த்துக்கொள்கிறது. முன் மூன்றிலிரு பங்கில் தொடுகை முக்கிளைக்கு, சுவை 7ஆவது நரம்பான முக நரம்புக்கு. முக நரம்பின் அந்தக் கிளைக்கு லத்தீனில் செவிப்பறை நாண் என்று பெயர். நாக்குக்குப் போகும் நரம்புக்குச் செவியின் பெயரா? அது செவிப்பறையை ஒட்டி நடுச்செவியைக் கடந்து போகிறது. நடுச்செவியில் அறுவை செய்துகொண்ட சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டுவதற்குக் காரணம் இந்தப் பாதைதான்.

நாண் என்றது அழகு. சங்கப் பாடல்களில் நரம்பு என்றாலே பெரும்பாலும் யாழின் தந்தி. கிரேக்க 'நியூரான்', லத்தீன் 'நெர்வஸ்' இரண்டுக்கும் தசைநார், வில்நாண் என்பவையே பழைய பொருள். இழுத்துக் கட்டிய நாரைக் குறித்த சொல் அங்கும் இங்கும் உடலுக்குள் வந்து உணர்வைச் சுமக்கிறது. என்ன, ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்று இரத்தக் குழாயான சிரையையும் நாம் நரம்பாக்கிவிடுகிறோம்.