வாளியை வெட்டினால் பூனை மிருகமாகும்

சுவரோரம் ஒரு பூனை, பக்கத்தில் ஒரு வாளி. இந்தப் படத்தைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, "பார்ப்பவர் பதறிப்போகிற மாதிரி இதை மாற்று" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது வாளிதான். பூனையின் அளவைச் சொல்ல அது ஒன்றுதானே இருந்தது! அப்புறம் படம் கொஞ்சம் இருட்டாகும். கீழே "நேற்று இரவு எங்கள் வீட்டுப் பின்னால்..." என்று ஒரு வரி, மூன்று புள்ளிகளோடு. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் பூனை ஏதோ ஒரு பெரிய மிருகமாகிவிட்டது.

இதைச் செய்து பார்த்த பிள்ளை, அடுத்து ஒரு திகில் படம் கண்ணில் பட்டால் ஓரங்களைப் பார்க்கும். எதை வெட்டியிருப்பார்கள் என்று யோசிக்கும். "பார்த்ததையெல்லாம் நம்பாதே" என்று நூறு முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் வராது.

அறிவுரை ஏன் போதவில்லை என்பதற்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். ஒரு செய்தித் தளத்தின் முகப்பைக் காட்டி, எது செய்தி, எது விளம்பரம் என்று நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் கேட்டார்கள். விளம்பரதாரர் தந்தது என்ற குறிப்பு இருந்தும், 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அதைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். தானே ஒரு போலிச் செய்திப் பக்கம் செய்து, அந்தக் குறிப்பை எங்கே, எவ்வளவு சின்னதாக வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைக்கு அது எங்கே ஒளிந்திருக்கும் என்பது தெரியும்.

இதற்குப் பின்னால் இருக்கும் கருத்து பழையது. 1960-களில் வில்லியம் மெக்வயர் என்ற அமெரிக்க உளவியலாளர் தடுப்பூசியை உவமையாக வைத்தார்: ஏமாற்று வாதத்தை வலுக்குறைத்து முன்கூட்டியே கொடுத்தால் மனம் எதிர்க்கப் பழகும். 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு டச்சுக் குழுவோடு சேர்ந்து உருவாக்கிய 'பேட் நியூஸ்' என்ற இணைய விளையாட்டு அதே வழிதான். அதில் நீங்கள்தான் புரளி பரப்புகிறவர். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைத் தூண்டுதல், பிளவு மூட்டுதல், சதிக்கதை, நம்பிக்கையைக் குலைத்தல், வம்பிழுத்தல் என்று ஆறு தந்திரங்களைக் கற்றுப் பின்தொடர்வோரைச் சேர்க்க வேண்டும். சுமார் 15,000 பேரின் மதிப்பீடுகளை அலசி 2019-இல் வெளியான ஆய்வில், விளையாடிய பின் பொய்ப் பதிவுகளுக்கு அவர்கள் தந்த நம்பகத்தன்மை குறைந்திருந்தது. ஒப்பிட, விளையாடாத குழு ஒன்று அதில் இல்லை என்பது குறைதான்.

சரி, இதிலும் சிக்கல் உண்டு. தடுப்பூசியைப் போலவே பலன் நாளடைவில் தேயும். மறுபடி விளையாட வைக்க வேண்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது, உண்மையையும் சேர்த்துச் சந்தேகிக்கும் பழக்கம். அதனால் ஒரு கூட்டம் பிள்ளைகளிடம் பாதி படங்களை வெட்டவும், பாதியை அப்படியே விடவும் சொல்லி, பிறகு மாற்றிக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்லது. முழுப் படத்தை வெட்டிய படம் என்று சொன்னாலும் மதிப்பெண் போக வேண்டும். படத்தையே முறைத்துக்கொண்டிருக்காமல், அதை விட்டு வெளியே போய் மூலப்படத்தைத் தேடினால் கூடுதல் மதிப்பெண்.

செய்த படங்களை வெளியே அனுப்பக் கூடாது என்ற விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். "மூலையில் 'விளையாட்டுப் படம்' என்று முத்திரை வைத்துவிட்டு அனுப்புகிறோமே" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். மூலையில் இருப்பதை வெட்ட எத்தனை நொடி ஆகும் என்று அவர்களிடமே கேளுங்கள்.