'வீட்டு விளிம்பு' என்றால் என்ன?

ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்ததும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றியது என்றுதான் நினைத்தேன். படித்தால் கேசினோ சமாச்சாரம். 'ஹவுஸ் எட்ஜ்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இது எத்தனையாவது முறையோ.

கேசினோ இத்தாலியச் சொல். 'காசா' என்றால் வீடு, கேசினோ சின்ன வீடு. (தமிழில் சின்ன வீட்டுக்கு வேறு பொருள், இத்தாலியிலும் அந்தச் சொல் அந்தப் பக்கம் போனதுண்டு.) திருக்குறள் 935இல் சூதாடும் இடத்துக்குப் பெயர் கழகம். இன்று அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். சூதாட்டக் கூடம் போதும்.

இங்கே 'ஹவுஸ்' யாரும் குடியிருக்கும் வீடல்ல, ஆட்டத்தை நடத்தும் தரப்பு. 'எட்ஜ்' என்பதும் ஓரமல்ல, எதிராளியைவிட ஒரு பிடி மேலே இருப்பது. பந்து எந்த எண்ணில் போய் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். அதன் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு வையுங்கள். ஜெயித்த எண்ணுக்கு 35 காசும், அதில் வைத்த ஒன்றும் திரும்பி வரும். போட்டது 37, வந்தது 36. அந்த ஒரு காசுதான், அதாவது 2.7 சதவீதம்தான், விஷயமே. 0 போக 00 என்ற இரட்டைச் சுழியமும் உள்ள சக்கரத்தில் இது 5.26. ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் விதியிலேயே இருக்கிறது. 'விளிம்பு' என்ற சொல்லில் இதில் எதாவது தெரிகிறதா?

'நிறுவன லாபம்' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் தப்பு. லாபம் செலவு போக மிஞ்சுவது. இதுவோ ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாகக் கூடத்துக்குச் சேரும் பங்கு. ஜெயித்த காசையே திரும்பத் திரும்ப வைத்தால் வைக்கும்போதெல்லாம் இது கழியும். ஆனால் ஒரு ராத்திரி ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் ஒருவர் ஜெயித்துக் கூச்சல் போடுவதுதான் தெரியும். பந்து உருளும் அந்தச் சில நொடிப் படபடப்புக்காகவே, தோற்போம் என்று தெரிந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் எழுதுவது 'கூடத்தின் ஆதாயம்'. 'கூட ஆதாயம்' என்று சுருக்கினால் ஏதோ கூடுதலாகத் தருகிறார்கள் என்று ஆகிவிடும், ஜாக்கிரதை.

சொல்லுக்குச் சொல் அகராதியைப் பார்த்துப் பெயர்ப்பவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது? அதே கட்டுரையில் சீட்டுப் போடும் டீலர், 'வியாபாரி' ஆகியிருந்தார். அவரை மட்டும் திருத்த மனம் வரவில்லை.