கல்லாப் பெட்டிக் கணினியில் டெவலப்மென்ட் ரிலீஸ் வேண்டாம்

2024 மார்ச்சில் ஒரு காலை, காரைக்குடியில் நான் பராமரிக்கும் பலகாரக் கடையிலிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர் கறுப்பாக் கிடக்கு, வெறும் எழுத்து மட்டும் வருது. கல்யாணச் சீர் ஆர்டர் மூணு நிக்குது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார் கடை ஆச்சி.

போய்ப் பார்த்தால் பயனர் பெயர் கேட்டு ஒரு வரி, பக்கத்தில் துடிக்கும் ஒரு சின்னக் கோடு. டெஸ்க்டாப் என்ற ஒன்றே இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த ஆச்சியின் பேரன், இன்ஜினியரிங் படிக்கிறவன், முறுக்குத் தட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அப்டேட்தாண்ணே போட்டேன்" என்றான்.

நான் அங்கே போட்டுக் கொடுத்திருந்தது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அடுத்தது 24.04 என்று எங்கோ பார்த்திருக்கிறான். டூ-ரிலீஸ்-அப்கிரேடு என்ற கட்டளையைக் கொடுத்தபோது புதிய பதிப்பு ஏதுமில்லை என்று பதில் வந்திருக்கிறது. பின்னால் ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்தால் கிடைக்கும் என்று நண்பன் சொல்ல, சேர்த்துவிட்டான். அந்த டி, டெவலப்மென்ட்டைக் குறிப்பது. இது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு, அன்றாட வேலை நடக்கும் கணினியில் போடாதீர்கள் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பு வரும். அதற்கும் சம்மதம் என்று ஒய் அழுத்தியிருக்கிறான். சரி, அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. அதையெல்லாம் யார் படிக்கிறோம்?

உபுண்டுவின் எண்ணிலேயே தேதி இருக்கிறது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவதற்கு 5 ஆண்டு பராமரிப்பு உண்டு. இடையில் 6 மாதத்துக்கு ஒன்றாக வருபவற்றுக்கு 9 மாதம்தான். ஒரு பதிப்பு வெளிவந்த சில நாட்களிலேயே அடுத்ததற்கான வேலை தொடங்கிவிடும். அப்போதிருந்து வெளியீட்டு நாள்வரை அதற்குப் பெயர் டெவலப்மென்ட் ரிலீஸ். தினமும் ஒரு ஐஎஸ்ஓ, அதாவது நிறுவுவதற்கான கோப்பு, வரும். நேற்று ஓடியது இன்று ஓட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 24.04-க்குப் புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திய நாள் பிப்ரவரி 29. அதற்குப் பிறகு பிழை திருத்தம், பீட்டா என்ற சோதனை வெளியீடு, அப்புறம் ஏப்ரல் 25-இல் வெளியீடு.

இதை ஆச்சியிடம் என் பாணியில் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தி, "அப்ப இது இன்னும் தண்ணித் தொட்டியில கிடக்குற ஆத்தங்குடிக் கல்லுன்னு சொல்லுங்க. அதைப் போயி பட்டாலையில பாவிட்டானாக்கும்" என்றார். தரைக்கான ஆத்தங்குடிக் கல் தண்ணீரில் ஊறி இறுக வேண்டும், பட்டாலை என்பது வீட்டுக் கூடம். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பேரன் இறங்கிய நேரமும் சரியில்லை. 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய, உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியனும் உபுண்டுவும் அந்த மாதங்களில்தான் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்களை) மாற்றி, பெயருக்குப் பின்னால் டி64 என்று ஒட்டு சேர்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தன. பிரச்சினை 32 பிட்டுக்கு என்றாலும் பெயர் மாற்றம் எல்லோருக்கும் வந்தது. பாதி பொட்டலங்கள் (பேக்கேஜ்கள்) புதுப் பெயரைக் கேட்கும், மீதி பழைய பெயரைக் கேட்கும். அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேடு கொடுத்தால் முரண்பாட்டைத் தீர்க்க, மென்பொருள்களை நிறுவி நீக்கும் ஏப்ட் நிரல் ஒரு வழி சொல்லும்: இவற்றையெல்லாம் நீக்கிவிடலாமா? அந்த நீக்கப் பட்டியலில் டெஸ்க்டாப்பே இருந்திருக்கிறது. அங்கேயும் ஒய்.

ஏப்ட் கட்டளை எதையாவது நீக்கப்போவதாகச் சொன்னால் அந்தப் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். டெவலப்மென்ட் ரிலீஸில் மட்டுமில்லை, எந்தப் பதிப்பிலும்.

டெஸ்க்டாப்பைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலையில்லை. 22.04-ஐப் புதிதாக நிறுவினேன். ஏனென்றால் இதில் பின்னோக்கிப் போக வழி கிடையாது. ஏறலாம், இறங்க முடியாது. சிக்கல் பில் கணக்கில் வந்தது. பில் மென்பொருள் மரியாடிபி டேட்டாபேஸில் எழுதுகிறது. அப்கிரேடின்போது அது 10.6-இலிருந்து 10.11-க்குத் தாவி, கோப்புகளையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. எடுத்து வைத்திருந்த கோப்புறையைப் பழைய 10.6-இடம் கொடுத்தால் தொட மாட்டேன் என்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் இப்படித்தான், புதிய பதிப்பு திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது. கோப்புகளைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். டேட்டாபேஸுக்குக் கோப்புறை நகல் போதாது, டம்ப், அதாவது உள்ளே உள்ள தரவை எந்தப் பதிப்பும் படிக்கும்படி எழுதி எடுத்த கோப்பு, எடுத்து வைக்க வேண்டும். நல்லவேளையாக என் பென் டிரைவில் ஒரு டம்ப் இருந்தது, 12 நாள் பழையது. அந்த 12 நாளுக்கு? ஆச்சி உள்ளே போய்ப் பேரேட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையால் எழுதுவதை அவர் விடவேயில்லை. அதைப் பார்த்து நான் பல தடவை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்று ராத்திரி 11 மணிவரை பேரன் படிக்க, நான் தட்டச்சு செய்தேன்.

அதே மாதம் 29-ஆம் தேதி இதைவிடப் பெரிய விஷயம் வெளியே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் டெபியனின் வளர்ச்சிக் கிளையான சிட் ஓடும் தன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். அது போய்ச் சேர்ந்திருந்த இடங்களைப் பாருங்கள்: டெபியனின் சிட், டெஸ்டிங், ஃபெடோராவின் ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட். புதிது புதிதாக வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும் கிளைகள்தான் எல்லாமே. டெபியனின் ஸ்டேபிள் பதிப்பில் அது இல்லை. உபுண்டுவில் 24.04-க்கான முன்சோதனைப் பகுதிவரைதான் வந்திருந்தது. ஆனாலும் பொட்டலங்களை மறுபடி கட்டிவிட்டுத்தான் வெளியிடுவோம் என்று ஏப்ரல் 4-இல் வரவேண்டிய பீட்டாவை 11-க்குத் தள்ளினார்கள்.

கெட்டுப்போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு 2008-ஐ நினைவூட்டுவேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகள் இன்டெலின் சிலவகை நெட்வொர்க் சிப்களில் இருந்த நிரந்தர நினைவகத்தையே அழித்துவிட்டன. உபுண்டு 8.10-இன் ஆல்ஃபாவிலும் (பீட்டாவுக்கும் முந்தைய சோதனை) அந்தக் கர்னல்தான். மறுபடி நிறுவினாலும் அந்தச் சிப் எழுந்திருக்காது. அடிக்கடி நடப்பதில்லை. நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்தெல்லாம் பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றக் கொண்டுவருகிறார்கள். நல்லது. சிலர் தாங்களே ஐஎஸ்ஓ இறக்கிக்கொண்டு வருகிறார்கள், அதில் டெய்லி பில்டும் கலந்திருக்கிறது. பெரிய எண் என்றால் நல்லது என்ற நினைப்பு. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் டெர்மினலில் எல்எஸ்பி-ரிலீஸ் (lsb_release -a) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். உபுண்டுவில் பதிப்பின் பெயரோடு டெவலப்மென்ட் பிராஞ்ச் என்று வந்தால், உங்கள் தரவை முதலில் வெளியே எடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். கடைக்கும் பள்ளிக்கும் நான் போடுவது லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் 5 ஆண்டுப் பதிப்பு. அதிலும் ஒரு 5 ஆண்டுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போக, புதியதன் முதல் திருத்த வெளியீடு, அதாவது கடைசியில் .1 ஒட்டியது வரும்வரை உபுண்டுவே கதவைத் திறப்பதில்லை. பேரனுக்குப் புதிய பதிப்பு இல்லை என்று பதில் வந்தபோது .1 என்ன, 24.04-ஏ வெளிவந்திருக்கவில்லை.

இவ்வளவு சொன்ன நானே ஒரு பழைய லேப்டாப்பில் டெவலப்மென்ட் ரிலீஸ் வைத்திருக்கிறேன். காரணம் தமிழ். மெனுவில் தமிழ் வாக்கியம் பட்டனுக்கு வெளியே நீள்கிறதா, தமிழ்99 விசைப்பலகை எல்லாச் செயலியிலும் வேலை செய்கிறதா, பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் ஓடுகிறதா என்று கலிஃபோர்னியாவில் இருப்பவர் பார்த்துச் சொல்லப்போவதில்லை. பீட்டாவுக்கு முன்னால் உபுண்டுவின் பிழைப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் பிழை பதிந்தால் திருத்த நேரம் இருக்கும். வெளியான பிறகு கடுமையான பிழைகளுக்குத்தான் முன்னுரிமை. தனி லேப்டாப் இல்லாதவர்கள், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்க்கலாம், உள்ளே என்ன உடைந்தாலும் அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும்.

பேரனுக்கும் அப்படி ஒரு பழைய லேப்டாப் கொடுத்தேன். இப்போது கடை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறான். கல்லா மேசைக் கணினியின் பாஸ்வேர்டை ஆச்சி மாற்றிவிட்டார். எனக்கே கேட்டால்தான் சொல்வார்.